ஓரமாகப் போனால் மட்டும் போதாது: நகரச் சாலையில் புதிதாக சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு

“ஓரமாகப் போ.” சைக்கிளை எடுக்கும் பிள்ளைகளிடம் நம் வீடுகளில் சொல்லி அனுப்பும் அறிவுரை பெரும்பாலும் இந்த ஒன்றுதான். என் அப்பா என்னிடம் சொன்னார். நான் என் மகளிடம் சொல்லியிருக்கிறேன். கல்லூரியோடு விட்டுப்போன சைக்கிளை நாற்பது வயதுக்கு மேல் மறுபடியும் எடுத்து, வேளச்சேரியிலிருந்து தரமணி வழியாக அடையாறுக்கு வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தேன். இரண்டாவது வாரம், அந்த அறிவுரையைப் பிசகாமல் கடைப்பிடித்துக்கொண்டிருந்தபோதுதான் விழுந்தேன். தாரின் மேல் தாராகப் பலமுறை போட்டதில் சாலையின் விளிம்பு மண்தரையைவிட நான்கு விரற்கடை உயர்ந்திருந்தது. பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. இன்னும் கொஞ்சம் ஒதுங்கலாம் என்று இடப்பக்கம் திருப்பினேன். முன்சக்கரம் மண்ணில் இறங்கிவிட்டது. பதறிப்போய் மறுபடி தாரில் ஏற்றப் பார்த்தபோது, சக்கரம் விளிம்பை உரசிக்கொண்டே ஓடியதே தவிர ஏறவில்லை. வலப்பக்கமாக, சாலைக்குள் விழுந்தேன். லாரி ஓட்டுநர் வண்டியை நிறுத்திவிட்டார். அதனால் இதை எழுத முடிகிறது.

சைக்கிளில் தடுமாறாமல் போகத் தெரியும், ஆனால் வண்டிகளுக்கு நடுவே போகப் பயமாக இருக்கிறது என்பவர்களுக்காக, நான் கற்றுக்கொண்டதைக் கற்றுக்கொண்டிருக்க வேண்டிய வரிசையில் எழுதுகிறேன். சென்னையை வைத்துத்தான் பேசுகிறேன். மதுரை, கோவைச் சாலைகளுக்கும் பெரும்பாலானவை பொருந்தும். சாலையில் நம்மைக் காப்பாற்றுகிறவை இரண்டு. பின்னால் வருகிறவர் கண்ணில் நாம் முன்கூட்டியே பட வேண்டும். அடுத்து நாம் என்ன செய்யப்போகிறோம் என்பது அவருக்குப் புரிய வேண்டும். ஓரத்தில் ஒட்டிக்கொண்டு போகிறவருக்கு இந்த இரண்டுமே கிடைப்பதில்லை.

முதலில் வண்டி

புதிய சைக்கிளானாலும், மாடிப்படிக்குக் கீழே தூசி படிந்து கிடந்ததானாலும், சாலைக்குக் கொண்டுபோகும் முன் ஒரு நல்ல சைக்கிள் கடைக்காரரிடம் காட்டிவிடுங்கள். பழைய வண்டி என்றால் ஓவராயிலிங் செய்துவிடுவது நல்லது. பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறதா, பிரேக் ஒயர் பிரிந்து நிற்கிறதா என்று பாருங்கள். பிரேக் பிடியை முழுதாக அழுத்தினாலும் அதற்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைய இடம் இருக்க வேண்டும். எந்தக் கையில் முன்பிரேக், எந்தக் கையில் பின்பிரேக் என்பதைச் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு நீங்களே சோதித்துக்கொள்ளுங்கள். நம் ஊர் சைக்கிள்களில் வலக்கையில் முன்பிரேக் இருப்பதே வழக்கம்; ஆனால் எல்லா வண்டியிலும் அப்படி இருக்கும் என்று நம்பிவிட வேண்டாம்.

எவ்வளவு காற்று வேண்டும் என்பது டயரின் பக்கவாட்டிலேயே அச்சிடப்பட்டிருக்கும். வாரம் ஒருமுறை அடியுங்கள். காற்று குறைந்த டயர் திருப்பத்தில் வழுக்கும். பள்ளத்தில் விழுந்தால் ரிம்மும் வளையும். சீட்டின் உயரம் முதல் சில வாரங்களுக்கு, உட்கார்ந்தபடியே இரண்டு பாதங்களின் முன்பகுதியும் தரையைத் தொடும்படி இருக்கட்டும். சிக்னல்களில் நின்று கிளம்பும் பழக்கம் வந்தபிறகு, பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் லேசாக மட்டும் மடங்கும் அளவுக்கு உயர்த்திக்கொள்ளலாம். உயர்த்தினால் முழங்கால் வலிக்காது.

ஹெல்மெட்டைப் பற்றி ஒரு குழப்பம் இருக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் ஹெல்மெட் விதி மோட்டார் சைக்கிளில் போகிறவர்களுக்கானது. சைக்கிளுக்குச் சட்டப்படி கட்டாயமில்லை. ஆனால் நான் விழுந்த அன்று தலை தரையில் மோதியது. ஹெல்மெட் இல்லாமல் தெருமுனைக் கடைக்குக்கூடப் போவதில்லை என்று அன்று முடிவெடுத்தேன். மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டையே சைக்கிளுக்கும் போட்டுக்கொள்ளலாமே என்று சிலர் கேட்கிறார்கள். அது கனமானது, வியர்த்துக் கொட்டும், காதை மூடி ஓசையைக் குறைக்கும். சைக்கிளில் காதுதான் நம் பின்பக்கக் கண்ணாடி. காற்றோட்டத் துளைகள் உள்ள சைக்கிள் ஹெல்மெட்டாகவே வாங்குங்கள். உள்ளே இ.என். 1078 (EN 1078) என்ற ஐரோப்பியத் தர எண் இருந்தால் நம்பி வாங்கலாம். புருவத்துக்கு மேல் இரண்டு விரல் அளவில் நெற்றியை மூட வேண்டும்; பின்னுக்குச் சாய்த்துப் போட்டால் முதலில் அடிபடும் நெற்றிக்குக் காவல் இருக்காது.

உடையில் கவனிக்க வேண்டியது தொங்குகிறவற்றைத்தான். துப்பட்டாவைக் குறுக்காகப் போட்டு இடுப்பில் முடிந்துகொள்ளுங்கள். சேலை கட்டி ஓட்டுகிறவர்கள் பின்சக்கரத்தில் வலைத் தடுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பேண்ட்டின் வலது கால் நுனியை மடித்து ஒரு ரப்பர் பேண்டு போட்டுவிட்டால் செயினில் மாட்டாது. சாப்பாட்டுப் பையை ஹேண்டில்பாரில் தொங்கவிடாதீர்கள். அது ஆடும்போது கையும் ஆடும். ஒருநாள் முன்சக்கரக் கம்பிக்குள் புகுந்துவிடும். கேரியரில் வைத்துக் கட்டுங்கள், அல்லது முதுகில் மாட்டிக்கொள்ளுங்கள்.

ஒரு வாரம் மைதானத்தில்

இந்தக் கட்டத்தைத் தாண்டிக் குதிக்காதீர்கள். நான் குதித்தேன். சைக்கிள் ஓட்டத் தெரிவது வேறு, பின்னால் பார்த்துக்கொண்டே நேராக ஓட்டத் தெரிவது வேறு. பள்ளி மைதானம், குடியிருப்பின் உள்சாலை, ஞாயிறு காலை ஆளில்லாத தெரு, ஏதாவது ஒன்று போதும்.

முதல் பயிற்சி பின்னால் திரும்பிப் பார்ப்பது. தலையைத் திருப்பும்போது தோளும் திரும்பும், தோளோடு கையும் இழுபடும். வண்டி வலப்பக்கம் வளையும். சாலையில் வலப்பக்கம்தான் பஸ் இருக்கும். தரையில் ஒரு கோட்டைத் தேர்ந்தெடுத்து, அதன் மேல் போய்க்கொண்டே வலத் தோளுக்கு மேலே ஒரு நொடி பார்த்துவிட்டுத் திரும்புங்கள். பின்னால் ஒருவரை நிறுத்தி, அவர் எத்தனை விரல் காட்டுகிறார் என்று சொல்லிப் பழகுங்கள். கோட்டை விட்டு ஒரு சாண்கூட விலகாமல் பத்து முறை சொல்ல முடிந்தால் தேறிவிட்டீர்கள்.

இரண்டாவது, ஒற்றைக் கையால் ஓட்டுவது. கை காட்ட இது வேண்டும். வலப்பக்கம் திரும்ப வலக்கையையும், இடப்பக்கம் திரும்ப இடக்கையையும் தோள் உயரத்தில் முழுதாக நீட்டுங்கள். இடுப்புக்குப் பக்கத்தில் விரலை மட்டும் அசைத்தால் பின்னால் வருகிறவருக்குத் தெரியாது. வேகத்தைக் குறைக்கப்போகிறேன் என்பதற்கு வலக்கையை நீட்டி மேலும் கீழும் அசைக்க வேண்டும்.

மூன்றாவது பிரேக். சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு, அதைத் தொட்டவுடன் எவ்வளவு தூரத்தில் நிற்க முடிகிறது என்று பாருங்கள். வண்டியை நிறுத்தும் வலு பெரும்பாலும் முன்பிரேக்கில்தான் இருக்கிறது. பிரேக் பிடித்ததும் உடம்பின் எடை முன்சக்கரத்துக்கு நகர்ந்துவிடுவதுதான் காரணம். ஆனால் முன்பிரேக்கை மட்டும் சட்டென்று இறுக்கினால் தூக்கி எறியும். பின்பிரேக்கை மட்டும் பிடித்தால் சக்கரம் இழுத்துக்கொண்டு போகும். இரண்டையும் சேர்த்து, படிப்படியாக அழுத்தத்தைக் கூட்டி, இடுப்பைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளிக்கொள்ள வேண்டும். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் ஒரு நொடியில் 4 மீட்டருக்கும் மேல் கடந்துவிடுகிறார். கண் பார்த்து, மூளை சொல்லி, விரல் அழுத்துவதற்குள்ளேயே அந்த ஒரு நொடி போய்விடும். முன்னால் போகும் வண்டிக்கும் உங்களுக்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பதை அந்தச் சுண்ணாம்புக் கோடு காட்டிக்கொடுக்கும்.

நான்காவது, விளிம்பில் ஏறுவது. என்னைத் தள்ளிவிட்ட தார் விளிம்பு போன்ற ஒன்றை மெதுவான வேகத்தில் சந்தித்துப் பாருங்கள். சக்கரம் விளிம்புக்கு இணையாகப் போனால் ஏறாது. கொஞ்சம் விலகி வந்து, கிட்டத்தட்ட நேருக்கு நேராகத் திருப்பி ஏற்ற வேண்டும். சாலையில் அதற்கு இடமில்லை என்றால் ஏற்றவே முயலாதீர்கள். நிறுத்தி இறங்கி, வண்டியைத் தூக்கி வையுங்கள்.

வழியைத் தேர்ந்தெடுப்பது

காரிலோ பைக்கிலோ போய்ப் பழகிய வழி சைக்கிளுக்கு ஏற்ற வழியாக இருக்க வேண்டும் என்பதில்லை. மொபைல் வரைபடம் காட்டும் குறுக்குவழியையும் உடனே நம்பிவிடாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணிக்கு வண்டியை எடுத்துக்கொண்டு இரண்டு மூன்று வழிகளில் போய்ப் பாருங்கள். பிரதான சாலைக்கு இணையாக ஓடும் உட்தெருக்கள் சென்னையில் நிறைய உண்டு. அரை கிலோமீட்டர் கூடினாலும் அவற்றில் போங்கள்.

மேம்பாலங்களை முதல் சில மாதங்கள் தவிர்த்துவிடுங்கள். ஏற்றத்தில் உங்கள் வேகம் நடக்கிறவர் வேகத்துக்குக் குறையும். பின்னால் வருகிறவர் வேகம் குறையாது. ஒதுங்க இடமும் இருக்காது. கீழே போகும் சர்வீஸ் சாலை எவ்வளவு மோசமாக இருந்தாலும் அதுவே மேல். கத்திப்பாரா போல நாலா பக்கமும் வண்டிகள் வந்து கலக்கும் இடங்களுக்குப் புதியவர்கள் போகவே வேண்டாம். சிவப்பு வட்டத்துக்குள் சைக்கிள் படம் போட்ட பலகை இருந்தால் அங்கே சைக்கிளுக்கு அனுமதியில்லை. மெட்ரோ ரயில் பணிக்காகத் தடுப்புகள் வைத்துக் குறுக்கிய சாலைகளில் இரண்டு வண்டி போகும் அகலத்தில் மூன்று வண்டி நுழையப் பார்க்கும். அப்படிப்பட்ட 200 மீட்டரை நான் இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தே கடக்கிறேன். அதில் எந்த வெட்கமும் எனக்கு இல்லை, உங்களுக்கும் வேண்டாம்.

எதிர்ப்புறமாக ஓட்டாதீர்கள். “வருகிற வண்டியைப் பார்க்க முடிகிறதே” என்பது அப்படி ஓட்டுகிறவர்கள் சொல்லும் சமாதானம். கணக்கைப் பாருங்கள். 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வேன், 15-இல் போகும் உங்களை ஒரே திசையில் நெருங்கினால் வேக வித்தியாசம் 25. எதிர்த்திசை என்றால் 55. அவருக்கு யோசிக்கக் கிடைக்கும் நேரம் பாதிக்கும் கீழே போய்விடுகிறது. தெருவிலிருந்து பிரதான சாலைக்குத் திரும்புகிற ஓட்டுநர் வலப்பக்கம் மட்டுமே பார்த்துக்கொண்டு இறங்குவார். எதிர்ப்புறம் வருகிற உங்களைப் பார்க்கவே மாட்டார்.

சாலையில் உங்கள் இடம்

இடது விளிம்பிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் தள்ளி, நேர்கோட்டில் போங்கள். முதலில் நடுச்சாலையில் போவதுபோலப் பயமாக இருக்கும். ஆனால் மணலும் கண்ணாடிச் சில்லும் உடைந்த சாக்கடை மூடியும் கிடப்பது அந்த ஒரு மீட்டருக்குள்தான். அதற்குள் போகிறவர் ஒவ்வொரு பள்ளத்துக்கும் திடீரென்று வலப்பக்கம் வெட்டியாக வேண்டும். அந்த வெட்டுதான் ஆபத்து. ஒரு மீட்டர் தள்ளிப் போகிறவருக்குப் பள்ளம் வந்தால் இடப்பக்கம் ஒதுங்க இடம் இருக்கிறது. பின்னால் வருகிறவரும் உங்களை எட்டத்திலிருந்தே பார்த்து, வேகத்தைக் குறைத்துச் சுற்றிக்கொண்டு போகிறார். விளிம்பில் ஒட்டிப் போனால், இடமிருப்பதாக நினைத்து உரசிக்கொண்டு போவார்.

இருபக்கமும் கடைகள் நெருக்கும் குறுகிய தெருவில், ஒரு கார் உங்களைப் பத்திரமாகத் தாண்டவே முடியாது என்று தெரிந்தால், பின்னால் பார்த்துவிட்டு நடுவே வந்து ஓட்டுங்கள். அரை நிமிடம் அவர் பொறுத்துக்கொள்ளட்டும். இடம் விரிந்ததும் ஒதுங்கி, கை அசைத்து வழிவிடுங்கள்.

நிறுத்தியிருக்கும் கார்களைத் தாண்டும்போது இன்னும் கூடுதலாக விலகுங்கள். நம் நாட்டில் ஓட்டுநர் இருக்கை வலப்பக்கம் என்பதால், இடது ஓரத்தில் நிறுத்திய காரிலிருந்து அவர் இறங்கும் கதவு நேராக நம் வழியில்தான் திறக்கும். முழுதாகத் திறந்த கதவு ஏறக்குறைய ஒரு மீட்டர் வெளியே நீளும். பின்கண்ணாடி வழியாக உள்ளே தலை தெரிகிறதா, பிரேக் விளக்கு அணைந்ததா, முன்சக்கரம் திரும்பியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போங்கள். வரிசையாகப் பத்து கார் நின்றால், நடுவில் இரண்டு கார் இடைவெளி இருக்கிறதே என்று உள்ளே ஒதுங்கி மறுபடி வெளியே வராதீர்கள். ஒரே கோட்டில் போங்கள்.

எதிர்ப்புறமாக வரும் இருசக்கர வண்டி ஒவ்வொரு நாளும் உங்களைச் சந்திக்கும். அவர் பெரும்பாலும் சாலை விளிம்பை ஒட்டித்தான் வருவார். விளிம்பை உங்களுக்கு இடப்பக்கம் காலியாக விட்டிருந்தால் அவர் அதன் வழியே போய்விடுவார். இடமில்லையென்றால் நின்றுவிடுங்கள். கோபத்தில் அவருக்கு வழிவிடாமல் இருப்பதும், பதற்றத்தில் வலப்பக்கம் வெட்டுவதும் ஒரே அளவு தவறு.

பஸ், ஆட்டோ, லாரி

மாநகரப் பஸ் உங்களைத் தாண்டிய சில நொடிகளில் இடப்பக்கம் வெட்டி நிறுத்தத்தில் நிற்கும். புதியவர்கள் மாட்டிக்கொள்வது அங்கேதான். இதற்கு ஒரு அடையாளம் இருக்கிறது; பல மாதங்கள் கழித்துத்தான் எனக்குப் புலப்பட்டது. நிறுத்தத்தில் நிற்கும் மக்கள் உங்கள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டு சாலையில் இறங்குகிறார்கள் என்றால், உங்களுக்குப் பின்னால் பஸ் வருகிறது. அவர்களுடைய முகங்களைப் பார்த்தே வேகத்தைக் குறைத்துவிடலாம். பஸ் முன்னே போய் நிற்கட்டும். நின்ற பஸ்ஸின் இடப்பக்கம் நுழையவே கூடாது. ஆட்கள் இறங்குவதும் ஏறுவதும் அங்கேதான். பின்னால் காத்திருங்கள், அல்லது திரும்பிப் பார்த்து, கை காட்டி, வலப்பக்கமாக விலகித் தாண்டுங்கள். அவசரமில்லை என்றால் காத்திருப்பதே சிறந்தது.

ஆட்டோவைப் பின்னாலிருந்து பார்க்கும்போது ஓட்டுநரின் தலையைக் கவனியுங்கள். தலை இடப்பக்கம் நடைபாதையைத் துழாவுகிறது என்றால் அவர் சவாரி தேடுகிறார். கை நீட்டுகிற எவரையும் கண்டதும் அப்படியே நிறுத்துவார். ஷேர் ஆட்டோவும் அப்படித்தான். அவர்களுடைய பிழைப்பு அது. நாம் 5 மீட்டராவது பின்னால் இருந்தால் அதில் ஒரு சிக்கலும் இல்லை.

லாரி விஷயத்தில் மட்டும் நான் யாரிடமும் விட்டுக்கொடுத்துப் பேசுவதில்லை. தண்ணீர் லாரி, கான்கிரீட் கலவை லாரி, கண்டெய்னர் ஆகியவற்றின் இடப்பக்கத்தில் ஓட்டுநருக்குத் தெரியாத பெரிய இடம் இருக்கிறது. அவருடைய பக்கக் கண்ணாடியில் அவர் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால், அவருக்கும் நீங்கள் தெரியவில்லை. நீளமான வண்டி இடப்பக்கம் திரும்பும்போது முன்சக்கரம் போன வழியில் பின்சக்கரம் போகாது; உட்புறமாக வெட்டிக்கொண்டு, விளிம்பை நெருங்கி வரும். நேராகப் போகப்போவதுபோல் வலப்பக்கம் விலகிய லாரி, திரும்ப இடம் வேண்டித்தான் அப்படி விலகியிருக்கும். சிக்னலில் நிற்கும் லாரிக்கும் நடைபாதைக்கும் நடுவே சைக்கிள் போகும் இடைவெளி இருப்பதைப் பார்த்து ஒருபோதும் நுழையாதீர்கள். அதன் பின்னாலேயே நில்லுங்கள்.

சிக்னலும் வலது திருப்பமும்

சிவப்பு விளக்கில் இருசக்கர வண்டிகள் எல்லாம் சந்து வழியாக முன்னுக்குப் போகும். நீங்கள் அந்தப் போட்டியில் சேர வேண்டாம். வரிசையில் ஒரு காருக்குப் பின்னால், அதன் ஓட்டுநர் கண்ணாடியில் தெரியும் இடத்தில் நில்லுங்கள். ஒரு பெடலைச் சற்று மேலே முன்பக்கமாக வைத்துக்கொண்டால் ஒரே அழுத்தில் தள்ளாடாமல் கிளம்பலாம். பச்சை விழுந்ததும் இரண்டு நொடி பொறுங்கள். முதலில் சீறிக்கொண்டு போகிறவர்கள் போகட்டும். குறுக்கே சிவப்பைத் தாண்டி வருகிறவர் யாராவது இருந்தால் அவரும் போய்விடுவார். மஞ்சளில் நுழையாதீர்கள். 30 மீட்டர் அகலச் சந்திப்பைக் கடக்க சைக்கிளுக்கு 7 நொடிக்கு மேல் ஆகும். அதற்குள் மறுபக்கம் கிளம்பிவிடும்.

ஃப்ரீ லெஃப்ட் உள்ள, அதாவது சிவப்பிலும் நிற்காமல் இடப்பக்கம் திரும்பலாம் என்ற இடங்களில் நேராகப் போக வேண்டியவர் இடது ஓரத்தில் நிற்கக் கூடாது. பின்னால் திரும்புகிற அத்தனை வண்டியும் உங்களை நெருக்கும், கிளம்பும்போது குறுக்கே வெட்டும். சந்திப்புக்கு 30, 40 மீட்டர் முன்பே திரும்பிப் பார்த்து, கை காட்டி, நேராகப் போகும் வரிசைக்கு வந்துவிடுங்கள்.

வலது திருப்பத்துக்கு, பெரிய சாலைகளில், நடுவே போய் நிற்கும் முறையைப் புதியவர்கள் கையாள வேண்டாம். இரண்டு கட்டமாகத் திரும்புங்கள். பச்சையில் நேராகச் சந்திப்பைக் கடந்து, எதிர்ப்பக்கத்து இடது மூலையில், நடந்து கடக்கிறவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் ஒதுங்கி நில்லுங்கள். அங்கேயே வண்டியை வலப்பக்கம் திருப்பி வைத்துக்கொள்ளுங்கள். இப்போது நீங்கள் போக வேண்டிய சாலை உங்களுக்கு நேராக இருக்கும். அந்தத் திசைக்குப் பச்சை விழுந்ததும் மற்றவர்களோடு நேராகப் போய்விடலாம். ஒரு நிமிடம் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான். சிக்னலே இல்லாத சந்திப்பில் இறங்கி, நடந்து கடக்கிறவர்களோடு சேர்ந்து தள்ளிக்கொண்டு கடந்துவிடுங்கள்.

ஹாரன்

புதியவர்களை விழவைப்பதில் ஹாரனுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. என்னை விழவைத்ததும் அதுதான். ஹாரன் கேட்டதும் இடப்பக்கம் ஒதுங்கும் அனிச்சையை உடைக்க வேண்டும். நம் ஊரில் பெரும்பாலான ஹாரனுக்கு “நான் பின்னால் வருகிறேன், அப்படியே போ” என்பதுதான் பொருள். உங்களைத் தாண்ட அவர் ஒரு கோட்டை மனத்தில் போட்டுவிட்டார். நீங்கள் நேராகப் போவீர்கள் என்ற நம்பிக்கையில் போட்ட கோடு அது. அசையாமல், அதே வேகத்தில், நேராகப் போங்கள். தொடர்ந்து விடாமல் அடிக்கிறார் என்றால் தாண்ட இடமில்லை என்று பொருள். தரை நன்றாக இருக்கும் இடம் வரும்போது, நீங்களாகப் பார்த்து, ஒதுங்கிக் கொடுங்கள். காதில் இயர்போன் மட்டும் வேண்டாம். ஒரு காதில்கூட வேண்டாம்.

தெருநாய் துரத்தினால் வேகத்தைக் கூட்டத் தோன்றும். அப்போது பின்னால் வரும் வண்டியை மறந்து சாலைக்குள் வெட்டிவிடுவோம். வேகத்தைக் குறைத்து நிறுத்தி, இறங்கி, நாய்க்கும் உங்களுக்கும் நடுவே சைக்கிள் இருக்கும்படி நடந்து போங்கள். பெரும்பாலும் ஓடுவதை நிறுத்தியதும் நாய் ஆர்வம் இழந்துவிடும்.

மழையும் இருட்டும்

வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அதே மாதங்களில்தான் சீக்கிரம் இருட்டுகிறது. நவம்பரில் சென்னையில் மாலை 5.40-ஐ ஒட்டியே சூரியன் மறைந்துவிடும். அலுவலகம் விட்டுக் கிளம்பும் நேரம் இருட்டும் மழையும் சேர்ந்து காத்திருக்கும். புதியவர்கள் தங்கள் முதல் மழைக்காலத்தில் மழை பெய்துகொண்டிருக்கும்போது ஓட்ட வேண்டாம் என்பது என் கருத்து. நின்றபிறகு கிளம்புங்கள். தேங்கிய தண்ணீருக்கு அடியில் மூடியில்லாத குழி இருக்கிறதா என்பது யாருக்கும் தெரியாது. முன்னால் ஒரு வண்டி போய் வழி காட்டாத தண்ணீரில் இறங்காதீர்கள். சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் திரும்பிவிடுங்கள்.

ரிம்மைப் பிடிக்கும் பிரேக் என்றால், நனைந்த ரிம்மில் முதல் சில சுற்றுகள் தண்ணீரைத் துடைப்பதிலேயே போகும். அதன் பிறகுதான் பிடிக்கும். நிறுத்த வேண்டிய இடத்துக்கு வெகு முன்பே லேசாக அழுத்தத் தொடங்குங்கள். நீண்ட நாள் காய்ந்த சாலையில் முதல் தூறல் விழும்போது படிந்திருந்த எண்ணெய் மிதந்து வழுக்கும். இரும்புத் தகடு, சாக்கடை மூடி, சாலையில் தீட்டிய வெள்ளைக் கோடு ஆகியவற்றின் மேல் ஈரத்தில் திருப்பவும் கூடாது, பிரேக் பிடிக்கவும் கூடாது.

விளக்குக்குப் பணம் செலவழிக்கத் தயங்காதீர்கள். முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு. முன்விளக்கு எதிரே வருகிறவர் கண்ணைக் கூசவைக்காமல் தரையைப் பார்த்து இருக்க வேண்டும். பெடலில் உள்ள ரிஃப்ளெக்டர் சிறியதாக இருந்தாலும் மேலும் கீழும் அசைவதால், அது சைக்கிள் என்று பின்னால் வருகிறவருக்கு உடனே தெரிந்துவிடும். அதைப் பிடுங்கி எறியாதீர்கள். அடர் நிற மழைக்கோட்டு போடுகிறவர்கள் அதன் முதுகில் ஒளிரும் பட்டை ஒட்டிக்கொள்ளுங்கள்.

முதல் வேலைநாள்

ஞாயிறு காலையில் இரண்டு முறை போய்ப் பார்த்த வழியில், ஒரு வேலைநாளில், வழக்கத்தைவிட முக்கால் மணி நேரம் முன்னால் கிளம்புங்கள். பள்ளிப் பஸ்கள் இறங்கும் முன் 7 மணிக்கே சாலை உங்களுடையதாக இருக்கும். நேரமாகிவிட்டது என்ற எண்ணம் தலையில் இருந்தால் மஞ்சளில் நுழையத் தோன்றும், பஸ்ஸின் இடப்பக்கம் நுழையத் தோன்றும். பழகிய ஒருவர் துணைக்கு வந்தால், அவர் உங்களுக்குப் பின்னால், கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி வரட்டும். மாலையில் திரும்பி ஓட்ட முடியாத அளவுக்குக் களைத்திருந்தால் வண்டியை அலுவலகத்திலேயே பூட்டிவிட்டு பஸ்ஸில் வாருங்கள். முதல் மாதம் வாரத்துக்கு இரண்டு நாள் போதும். சட்டைப்பையில் பெயர், இரத்த வகை, வீட்டு எண் எழுதிய அட்டை ஒன்று இருக்கட்டும். போன் பூட்டியிருந்தால் உதவ வருகிறவருக்கு அதுதான் பயன்படும்.

விழுந்துவிட்டால்

சாலையிலிருந்து முதலில் நீங்கள் வெளியே வாருங்கள். வண்டியை யாராவது எடுத்துக்கொடுப்பார்கள். கழுத்தோ முதுகோ வலித்தால் அசையாமல் படுத்திருந்து 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள். விழுந்த பதற்றத்தில் வலி உடனே தெரியாது. “ஒன்றுமில்லை” என்று சொல்லி வண்டியில் ஏறிவிடாமல் பத்து நிமிடம் உட்காருங்கள். தலையில் அடிபட்டிருந்து, பிறகு வாந்தியோ, கடும் தலைவலியோ, குழப்பமோ, தூக்கக் கலக்கமோ வந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வேறு வண்டி மோதியிருந்தால் அதன் எண்ணைப் படம் எடுத்து வையுங்கள். சில அரசு வண்டிகள் தவிர மோட்டார் வாகனங்களுக்கு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். சைக்கிளில் போகிறவர் அந்த மூன்றாம் நபர்தான். போலீசில் பதிவு செய்தால் அந்தக் காப்பீட்டில் இழப்பீடு கேட்கும் வழி எளிதாகும். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தின் கீழ், விபத்தில் காயமடைந்தவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, பட்டியலில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் இலவசம். வழக்கில் மாட்டிக்கொள்வோமோ என்று உதவத் தயங்கி நிற்கிறவர்களிடம், 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த பிரிவு 134ஏ அவர்களுக்குப் பாதுகாப்பு தருகிறது என்று சொல்லலாம்.

தரையில் மோதிய ஹெல்மெட்டை, வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும், மாற்றிவிடுங்கள். உள்ளே இருக்கும் நுரை ஒருமுறை நசுங்கினால் அடுத்த அடியைத் தாங்காது. முன்சக்கரத்தைத் தாங்கும் முன்கவை (ஃபோர்க்) வளைந்திருக்கிறதா, ரிம் கோணலாகச் சுற்றுகிறதா என்று கடையில் பார்த்துவிட்டு எடுங்கள். பிறகு நேராகச் சாலைக்குப் போகாமல், ஒரு மாலை மைதானத்துக்குப் போய் அந்த நான்கு பயிற்சிகளையும் மறுபடி செய்து பாருங்கள். பின்னால் திரும்பிப் பார்க்கும்போது கை நடுங்கினால், இன்னும் இரண்டு நாள் அங்கேயே ஓட்டுங்கள்.